பதினோராவது தட்டில் போன மீன்

எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு காலத்தில் ஒன்பது கண்ணாடித் தொட்டிகள் இருந்தன. ஒன்பதிலும் ஏஞ்சல் மீன்கள். மகள் கல்யாணமாகிப் பல்லடம் போன பிறகு அவளுடைய அறை சும்மாதானே கிடக்கிறது என்று ஒரே ஒரு தொட்டி வைத்தேன். அந்த ஒன்று எப்படி ஒன்பது ஆனது என்று என் மனைவி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். மீன் முட்டை போட்டது, முட்டை பொரிந்தது, குஞ்சு வளர்ந்தது, வளர்ந்ததற்கு இடம் வேண்டியிருந்தது. இதில் நான் செய்தது என்ன இருக்கிறது?

ஏஞ்சல் மீனைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு வெற்றிலையைக் காம்பு முன்னால் இருக்கும்படி நிறுத்தி வைத்தால் எப்படி இருக்கும், அதுதான் உடம்பு. மேலே ஒரு துடுப்பு, கீழே ஒரு துடுப்பு, பின்னால் வால். நாங்கள் எல்லாவற்றையும் றெக்கை என்றே சொல்வோம். கல்யாண வீட்டில் புதுப் பட்டுச்சேலை கட்டிய அம்மணிகள் யார்மீதும் இடிக்காமல் மெதுவாக நடப்பார்களே, அந்த நடை இதற்கு. அதிலும் சிலவற்றுக்கு றெக்கை கொஞ்சம் நீளமாக இருக்கும். அப்படி ஒன்றைக் கடையில் பார்த்த நாளிலிருந்து எனக்குப் புத்தி அதிலேயே போய்விட்டது. இன்னும் நீளம் வரவைக்க முடியுமா? அதற்கு மேலும்?

நான் எட்டாவது வரை படித்தவன். கணபதியில் ஒரு சின்னப் பட்டறையில் லேத்து ஓட்டுகிறேன். மாவரைக்கும் கிரைண்டருக்கு வேண்டிய உருப்படிகள் செய்வதுதான் வேலை. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அளப்பது. அதனால் பட்டறையில் வைத்திருக்கும் வெர்னியர் மாதிரியே இன்னொன்றை வீட்டிலும் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே நின்றபடி மீன்களின் றெக்கையை அளந்தேன். மீன் நில்லென்றால் நிற்குமா? அது திரும்பும்வரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நிற்பேன்.

"ஏனுங்க, மீனுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்பாள் மனைவி. "தைக்கறதா இருந்தா காலரு வெச்சுத் தைங்க. பாக்க மருவாதியா இருக்கும்."

முறை எளிதானதுதான். ஒரு ஈட்டில் வந்த குஞ்சுகளில் றெக்கை நீளமானவற்றை நிறுத்திக்கொள்ளவேண்டும், அவற்றை ஜோடி சேர்க்கவேண்டும், அவற்றின் குஞ்சுகளில் மறுபடியும் நீளமானவற்றை நிறுத்தவேண்டும். மீதியை என்ன செய்வது என்று மீன் கடைத் தம்பியிடம் கேட்டேன். "பெரிய மீனுக்குத் தீனியாப் போட்டுருவோமுங்ணா" என்றார். முருகன் படைத்த ஜீவனை, றெக்கை கொஞ்சம் கட்டை என்பதற்காக, இன்னொன்றின் வாயில் போட நான் யார்? அதனால் கட்டை றெக்கைகளை எல்லாம் வீடு வீடாகக் கொடுத்தேன். எங்கள் வீதியில் எங்கள் மீன் இல்லாத வீடே கிடையாது. என்னைத் தூரத்தில் பார்த்ததும் கதவைச் சாத்திய வீடுகளும் உண்டு.

மீன்கள் முட்டை ஒட்டுவதற்கு நிமிர்ந்து நிற்கும் ஏதாவது ஒன்று வேண்டும். பட்டறையில் ஓரம் உடைந்து கிடந்த ஒரு கிரைண்டர் குழவிக்கல்லைக் கழுவித் தொட்டிக்குள் நிறுத்தினேன். கருகருவென்று, தண்ணீருக்குள் நிமிர்ந்து நின்ற அதைப் பார்த்ததும், அதுவரை திட்டிக்கொண்டிருந்த மனைவி சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகுதான் குழவிக்கல் என்று தெரிந்து, போட்டுக்கொண்டதற்கும் சேர்த்துத் திட்டினாள். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் ஊதுபத்தியை அந்தப் பக்கமும் ஒரு சுற்றுக் காட்டிவிட்டுத்தான் போவாள். கிருத்திகைக்கு எங்கள் வீட்டில் மீன்களுக்கும் விரதம். புழு, பூச்சி எதுவும் அன்றைக்குத் தொட்டிக்குள் போகாது. மாதத்தில் ஒரு நாள் வயிறு காய்ந்தால் மீனுக்கு நல்லதுதான் என்று கடைத் தம்பியும் சொன்னதால், புண்ணியமும் ஆச்சு, வைத்தியமும் ஆச்சு என்று விட்டுவிட்டேன்.

இப்படி மூன்று தலைமுறை. முதல் ஜோடிக்கு றெக்கை உடம்பு நீளம்கூட இல்லை. பேரன் பேத்திகளில் ஐந்துக்கு உடம்பைப்போல ஒன்றரைப் பங்கு வந்துவிட்டது. அவை நீந்தும்போது றெக்கை வந்துசேர்வதற்குள் மீன் திரும்பிவிடும். நான் வேலைவிட்டு வந்து குளித்து, திருநீறு பூசி, சாமிக்கு விளக்கு வைத்துவிட்டு, அடுத்ததாக அந்த ஐந்தின் முன்னால்தான் போய் உட்காருவேன்.

அப்போதுதான் மகள் முழுகாமல் இருக்கும் சேதி வந்தது. சந்தோஷத்தில் நான் மீன்களுக்குக்கூட இரண்டு வேளை அதிகமாகத் தீனி போட்டேன். மனைவி அந்த அறை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏழாவது மாசம் வளைகாப்புப் பண்ணிப் புள்ளையக் கூட்டிட்டு வாரோம். மொதல் பிரசவம். அவளும் கொழந்தையும் இந்த ரூம்லதான் படுக்கோணும். உங்க மீனு ஒறம்பரையெல்லாம் எங்கீங்க போவாங்க?"

"ஒரு நாலு தொட்டிய அக்கட்டால நகத்திப்போட்டு..."

"ஒண்ணு. ஹால்ல, டீவிக்குப் பக்கத்துல, ஒரே ஒரு தொட்டி. எச்சா ஒரு டம்ளர்கூடக் கூடாது."

ஒரு தொட்டி என்றால் ஒரு ஜோடி. மூன்று தலைமுறையாக அளந்து அளந்து கொண்டுவந்த நீளம் அந்த ஒரு ஜோடியில் நிற்கவேண்டும். தப்பான ஜோடியை நிறுத்திவிட்டால் அத்தோடு வம்சம் முடிந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் நம்புவீர்களோ என்னவோ. மனைவி நம்பவில்லை. மூன்றாவது தோசையைப் போட்டபடி, "எறங்காமத்தான் இத்தனை போகுதுங்களா?" என்றாள்.

பெண் யார் என்பதில் சந்தேகமில்லை. பெரியவள் என்று நான் கூப்பிடும் ஒருத்தி ஏற்கெனவே குழவிக்கல்லில் முட்டை ஒட்டிக் காட்டியிருந்தாள். அவளுக்கு மாப்பிள்ளையாக இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவனுக்கு நெற்றி புடைத்திருக்கும். றெக்கை நீளம்தான், வால் கொஞ்சம் குறைவு. அவன் மண்டைக்காரன். இன்னொருவனுக்கு வால் அப்படியே தரையைக் கூட்டும். அவன் வால்காரன். வெர்னியர் வால்காரன் என்றது. மனசு மண்டைக்காரன் என்றது. இரண்டும் ஒத்துவராதபோது எங்கள் பக்கத்தில் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். பூக்கட்டிப் பார்த்தேன்.

கல்யாணமோ, வீடு கட்டுவதோ, கிணறு வெட்டுவதோ, சாமியைக் கேட்காமல் நாங்கள் இறங்குவதில்லை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரேமாதிரி மடித்து சாமி காலடியில் போட்டு, விவரம் தெரியாத யாரையாவது விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். எங்கள் வீதி முனையில் இருக்கும் முருகன் கோயிலில் பூசாரியிடம் பொட்டலங்களைக் கொடுத்தேன். எவனை வைத்தால் வால் நீளமாக இருக்கும், வெள்ளை வந்தால் மண்டைக்காரன், சிவப்பு வந்தால் வால்காரன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"என்ன விசயமுங்க, எடம் வாங்கறீங்களா?" என்றார் பூசாரி.

"இல்லீங்க. ஒரு சம்பந்த விசயமுங்க."

"உங்களுக்கு ஒரே புள்ளைதானுங்களே?"

"இது வேற பொண்ணுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அவசரமாக, "மீனுங்க" என்றேன். அதற்கு முதல் பதிலே பரவாயில்லை என்பதுபோல அவர் முகம் போனது. தேங்காய் உடைக்க வந்திருந்த ஓர் அம்மா பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். சிவப்பு.

சாமி சொன்னபிறகு மறுபேச்சு ஏது? வளைகாப்புக்கு முதல் நாள் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தாயிற்று. ஹாலில் ஒரு தொட்டி வைத்து, குழவிக்கல்லை நிறுத்தி, பெரியவளையும் வால்காரனையும் விட்டேன். மற்றவை எல்லாம் கடைத் தம்பிக்குப் போய்விட்டன. மண்டைக்காரனை மட்டும் தூக்கிக்கொடுக்க மனசு வரவில்லை. ஒரு கண்ணாடி ஜாடியில் விட்டு, பல்லடம் போகும் வேனிலேயே என் காலடியில் வைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது சூலூரில் மீன் வளர்க்கும் ஒரு தெரிந்தவரிடம் விடலாம் என்று எண்ணம்.

சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் போகவேண்டும் என்பது யாவருக்கும் தெரியும். மனைவி பதினோரு தட்டு தயார் செய்திருந்தாள். வளையல், பூ, பழம், மஞ்சள் குங்குமம், சேலை, இனிப்பு, கட்டுச்சோறு என்று எல்லாம். சம்பந்தி வீட்டு வாசலில் வேனைவிட்டு இறங்கி, எங்கள் பக்கத்துப் பெண்கள் வரிசையாகத் தட்டைக் கையில் எடுத்து நின்றார்கள். அந்தப் பக்கம் ஆரத்தியோடு அவர்கள் நின்றார்கள். அப்போது என் கொழுந்தியா மெதுவாக, "அக்கா, எனக்குத் தட்டு இல்லீங்க" என்றாள்.

மனைவி எண்ணினாள். பத்து. மறுபடி எண்ணினாள். மறுபடியும் பத்து. முறுக்குத் தட்டு எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் மேல் உட்கார்ந்துகொண்டிருந்தது. இரட்டைப்படையில் சீர் கொண்டுவந்தாள் என்று நாளைக்குப் பேசுவார்களே. ஒன்றைக் குறைத்து ஒன்பதாக்கலாமென்றால், பத்தையும் அந்தப் பக்கம் பார்த்தாகிவிட்டது.

எனக்கு அந்த நேரம் யார் புத்தி கொடுத்தார்களோ தெரியாது. வேனுக்குள் ஓடி, காலியாக இருந்த ஒரு தட்டை எடுத்து, அதன்மேல் மண்டைக்காரனை ஜாடியோடு வைத்து, ஜாடியின் கழுத்தில் ஒரு முழம் மல்லிகையைச் சுற்றிக் கொழுந்தியா கையில் கொடுத்துவிட்டேன். வரிசை நகர்ந்தது. தண்ணீர் தளும்பத் தளும்ப அவளும் நகர்ந்தாள்.

என் சம்பந்தி பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, வீட்டுக்குள்ளும் அவருக்கு அதே குரல்தான். பதினோராவது தட்டைப் பார்த்ததும் வீதிக்கே கேட்கும்படி, "அட மச்சாவதாரமுங்க! சீர்த்தட்டுல பெருமாளையே கொண்டாந்துட்டாரு எங்க சம்பந்தி!" என்றார். கூடி நின்றவர்கள் எல்லோரும் என்னைத் தனியாக ஒருமுறை பார்த்தார்கள். நான் ஏதோ ஆழமாக யோசித்துச் செய்தவன்போல நின்றுகொண்டேன். மனைவி என் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல், "ஊட்டுக்கு வாங்க" என்றாள்.

மகளை அழைத்துவந்து ஒரு மாதம் ஆனது. ஹால் தொட்டியில் முட்டை வைத்தார்கள். கல் முழுக்க அடுக்கடுக்காக, பார்க்கவே நிறைவாக இருந்தது. மூன்றாம் நாள் எல்லாம் சோற்றுப் பருக்கைபோல வெளுத்துவிட்டன. முட்டை வெளுத்தால் செத்தது என்று அர்த்தம். கொஞ்ச நாளில் மறுபடியும் வைத்தார்கள். மறுபடியும் வெளுத்தது. நான் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டுபோய்க் கடைத் தம்பியிடம் காட்டினேன். அவர் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏனுங்ணா, இதுல யாரு முட்டை போடறாங்கன்னு பாத்தீங்களா?"

"பெரியவதான்."

"அவ போட்டுட்டு நகந்தவொடனே பின்னாடியே வந்து இதும் போடுதுங்ணா. ரெண்டும் பொட்டைங்க. அதான் இத்தனை முட்டை."

வால்காரன் வால்காரி. நான் என்ன செய்வேன்? நேராகக் கோயிலுக்குப் போனேன். சாமியிடம் கோபித்துக்கொள்கிற வழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் அன்றைக்குச் செருப்பைக் கழற்றும்போதே கொஞ்சம் வேகமாகத்தான் கழற்றினேன். பூசாரியிடம் நடந்ததைச் சொன்னேன்.

"நீங்க சாமிகிட்ட என்னன்னு கேட்டீங்க?"

"ரெண்டுல எதை வெச்சா வாலு நீளமா இருக்கும்னு கேட்டேனுங்க."

"இப்ப தொட்டில வாலு நீளமா இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அப்பறம்? ஆணா பொண்ணான்னு நீங்க கேக்கவே இல்லியே. கேக்காததுக்கெல்லாம் அவரு எப்படிங்க சொல்லுவாரு?"

யோசித்துப் பார்த்தால் அது முழுக்க நியாயம். கேட்டது நான், கேட்கத் தெரியாமல் கேட்டதும் நான். கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முருகா, இதை உன்மேல் போட்டதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடைக்குப் போனவை எல்லாம் விற்றுப்போயிருந்தன. இனி உலகத்தில் பெரியவளுக்கு ஏற்ற ஆண் ஒன்றே ஒன்றுதான். அது பல்லடத்தில் சம்பந்தி வீட்டில் இருந்தது. சீராகப் போயிருந்தது.

"குடுத்த சீரைத் திருப்பிக் கேட்ட சம்பந்தி நம்ம பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?" என்றாள் மனைவி.

"மீனு தானுங்க அம்மிணி..."

"இன்னைக்கு மீனுன்னு கேப்பீங்க, நாளைக்குக் குத்துவெளக்கக் கேப்பீங்க. நம்ம புள்ள அங்க பொழைக்கோணுமுங்க."

மகள் கட்டிலில் சாய்ந்தபடி வெள்ளரிக்காய் தின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். "அப்பா, கேக்கறதெல்லாம் வீண். எங்க மாமனாரு அதைத் தறிக்கொட்டாயி ரூம்ல பெரிய தொட்டில உட்டு வெச்சிருக்கறாரு. தறி ஓடறப்ப அது தாளத்துக்கு ஆடுதாமா. கரண்டு போனா ஆட்டத்த நிறுத்திக்குதாமா. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் கரண்டை நிறுத்தி நிறுத்திக் காட்டறாரு."

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். ஏஞ்சல் மீனுக்கு வயதாகிக்கொண்டே போகும், நமக்கும்தான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியவளை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். திருப்பிக் கேட்பதாக இல்லை. பெண் கொடுக்கப் போவதாகத்தான் என் திட்டம். அங்கே ஜோடி சேரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"உங்க மீனு தனியா இருக்குதேன்னு பொண்ணு கொண்டாந்திருக்கேனுங்க சம்பந்தி" என்றேன்.

அவருக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இதென்னங்க, முந்தானை இத்தனை நீளம்! இதை நெய்யறதுக்கு நம்ம தறில ஆளு கெடையாது!" என்று கத்தினார். மண்டைக்காரனின் தொட்டிக்குப் போனோம். நான் தொட்டித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. போர்வெல் தண்ணீர். எனக்குத் திட்டமெல்லாம் இடிந்து விழுந்தது. உப்புத் தண்ணீரில் ஏஞ்சல் மீன் நன்றாக வாழும். முட்டை மட்டும் பொரியாது. எங்கள் வீட்டுக்கு வருவது உப்பில்லாத சிறுவாணி ஆற்றுத் தண்ணீர். இனி ஒளிப்பதில் பயனில்லை என்று, பூக்கட்டியது, இரண்டும் பெண்ணானது, முறுக்குத் தட்டு பிரிட்ஜ் மேல் இருந்தது எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

சம்பந்தி தொட்டியையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். மகளுக்கு என்ன வருமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"நீங்க இதுல ரோசனை பண்றதுக்கே ஒண்ணுமில்லீங்க" என்றார் பிறகு. "மொதல் பிரசவம் பொண்ணூட்டுலதானுங்க. மனுசனா இருந்தா என்ன, மீனா இருந்தா என்ன? பொண்ணை நீங்க கூட்டிட்டுப் போங்க."

"அதுல ஒரு சிக்கலுங்க. மீனுல மாப்பிள்ளையும் கூட வரோணுமுங்க."

"அதென்னத்துக்குங்க?"

அவருடைய வீட்டம்மாவும் காப்பித் தம்ளரோடு அங்கேயே நின்றிருந்தார். எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "அவ கல்லுல முட்டையை வெச்சுட்டுப் போவாளுங்க. பொறவு இவரு பின்னாலயே வந்து... பாத்துக்குவாருங்க. காவலும் இவருதானுங்க. றெக்கையால விசிறிவிடுவாருங்க."

"பாத்தீங்களா" என்றார் வீட்டம்மா. "நம்ம பையன் பொறந்தப்ப இவரு நூலு வாங்கப் போறேன்னு போனவரு, கொழந்தைக்குப் பேரு வெக்கறப்பதானுங்க வந்தாரு. மீனு தேவலை."

சம்பந்தி அப்போதே காரை எடுக்கச் சொன்னார். மண்டைக்காரன் இருந்த வாளியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு, ஓட்டுவதற்கு ஆள் வைத்து, கணபதி வரைக்கும் வந்தார். "மாமனாரூட்டுல எங்க பையனுக்கு ஒரு கொறையும் வரக்கூடாதுங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பெரியவள் என் மடியில். வேகத்தடை வரும்போதெல்லாம் இரண்டு பேருக்கும் வேட்டி நனைந்தது.

வால்காரியை மகள் அறையில் ஒரு குண்டானுக்கு மாற்றினோம். மனைவி பார்த்தும் பாராமல் போனாள், சம்பந்தி உட்கார்ந்திருந்தாரே. ஹால் தொட்டியில் இருவரையும் விட்டோம். எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தோம். மண்டைக்காரன் கல்லைச் சுற்றி ஒரு சுற்று வந்தான். பெரியவள் பக்கம் போனான். றெக்கையை விரித்தான். அப்புறம் வாயைத் திறந்து அவளுடைய மேல் றெக்கையின் நுனியைக் கடித்து, வாழையிலையைக் கிழிப்பதுபோல ஒரு கிழி கிழித்தான்.

மூன்று தலைமுறை நீளம். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் என்னைவிட மோசமாக இருந்தது சம்பந்தியின் முகம். மாப்பிள்ளை வீட்டார் சார்பில் அவர் கூனிக்குறுகிப்போனார்.

"எங்க பையன் இப்படிப் பண்ணிப்போட்டானேங்க" என்றார், முதல்முறையாக மெதுவான குரலில். "எங்கூட்டுல இப்படியெல்லாம் பழக்கமே இல்லீங்களே. தங்கமான மீனுங்க."

"போச்சாதுங்க சம்பந்தி, உடுங்க" என்றாள் என் மனைவி. "புது எடம். அவனுக்கும் கூச்சமா இருக்கும்." இவ்வளவு நாள் மீன் என்றாலே முகம் சுளித்தவள் அதைச் சொன்னதும் எனக்கு அவளைக் கும்பிடவேண்டும்போல இருந்தது.

தொட்டிக்கு நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்தேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பழகட்டும் என்று இரண்டு வாரம் அப்படியே விட்டேன். சம்பந்தி தினமும் போன் செய்தார்.

"அப்பா, எங்க மாமனாரு என்னையக் கேக்கறாரா, மீனைக் கேக்கறாரா?"

"ரெண்டு பேரையுந்தான் கண்ணு."

"மொதல்ல யாரை?"

நான் சாமி கும்பிடுகிறவன், பொய் சொல்ல வரவில்லை. "மீனைத்தான் கண்ணு" என்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கிழிந்த றெக்கை வளர்ந்தது. தடுப்பை எடுத்தேன். இந்த முறை கடியில்லை. அந்த வாரமே மகளுக்கு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வெந்நீர் பிளாஸ்க்கை மறந்துவிட்டோம் என்று மனைவி என்னை வீட்டுக்கு அனுப்பினாள். கதவைத் திறந்தேன். தொட்டியில் பெரியவள் கல்லை ஒட்டி மேலே ஏறினாள். ஏறிய வழியெல்லாம் முட்டை வரிசையாக ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் விலகியதும் மண்டைக்காரன் பின்னாலேயே, அதே வழியில், முட்டைகளைத் தொட்டும் தொடாமலும் ஏறினான். நான் பிளாஸ்க்கை மார்போடு அணைத்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ. உடனே சம்பந்திக்குப் போன் போட்டேன்.

"சம்பந்தி, ஆச்சுங்க!"

"ஆச்சுங்களா! முருகா! எத்தனை கிலோவுங்க?"

"கிலோ தெரியாதுங்க. முந்நூறு இருக்குமுங்க."

"முந்நூறா?" என்று அவர் கத்தியது தறிச் சத்தத்துக்கும் மேலே கேட்டது. பிறகு அவருக்குப் புரிந்து, இரண்டு பேரும் சிரித்து, அவர் அதற்குள் மிட்டாய் வாங்க அனுப்பிவிட்ட ஆளைத் திருப்பிக் கூப்பிட ஓடினார். கூப்பிட்டிருக்கத் தேவையில்லை. பொழுது சாய்வதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள். இரண்டே முக்கால் கிலோ. நான் பிளாஸ்க் இல்லாமல் போய்ச் சேர்ந்ததைப் பற்றி இங்கே எழுதவேண்டாம் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தோம். ஆரத்தி எடுத்து உள்ளே வந்ததும் நான் தொட்டியைப் பார்க்கப் பயந்து சாமி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மனைவிதான் குனிந்து பார்த்தாள்.

"ஏனுங்க, வெளுக்கலீங்க. வாலு ஆட்டுதுங்க" என்றாள். "அத்தனையும் ஆட்டுதுங்க."

வெளுத்தது ஒரு நாற்பது ஐம்பது இருக்கும். மீதி எல்லாம் கல்லில் ஒட்டியபடியே மயிர்போன்ற வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. மண்டைக்காரன் விசிறிக்கொண்டிருந்தான். நான் அழுதுவிட்டேன். எல்லோரும் பேத்தியைப் பார்த்து அழுவதாக நினைத்துக்கொண்டார்கள். அதற்கும் சேர்த்துத்தான் அழுதேன் என்பதால் திருத்தவில்லை.

பொரிந்தது அத்தனையும் பிழைக்கவில்லை. பிழைத்தது அறுபது சொச்சம். ஐந்தாம் மாதம் மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தபோது, அவற்றில் சிலவற்றுக்கு றெக்கை இப்போதே அம்மாவை எட்டிப் பிடிக்கும்போல இருந்தது. குஞ்சுக்கு இடம் வேண்டுமென்று தொட்டிகள் மறுபடி எத்தனை ஆயின என்பது மனைவிக்கும் எனக்கும் உள்ள விஷயம். மறுபடியும் பதினோரு தட்டு. மனைவி மூன்று முறை எண்ணினாள். முறுக்குத் தட்டை முதல் ஆளாக வேனில் ஏற்றினாள். அப்போது சம்பந்தி போன் செய்தார்.

"பத்துத் தட்டு போதுமுங்க. பதினொண்ணாவது எதுன்னு உங்களுக்கே தெரியுமுங்க. மாப்பிள்ளை அங்கயே இருக்கட்டும், அவனுக்கு அந்தத் தண்ணி புடிச்சுப்போச்சு. எனக்குப் பேரன் பேத்தி போதும்."

மனைவி என்னைப் பார்த்தாள். முறுக்குத் தட்டை வேனிலிருந்து இறக்கிப் பிரிட்ஜ் மேலேயே வைத்தாள்.

குஞ்சுகளுக்கு ஆண் பெண் தெரியும் வயசு இன்னும் ஆகவில்லை. ஏழு கொடுத்தால் அதில் ஒரு ஜோடியாவது தேறும் என்று கடைத் தம்பி சொல்லியிருந்தார். எந்த ஏழு? நான் வெர்னியரை எடுக்கவில்லை. பூவும் கட்டவில்லை. பெரியவளுக்கு மாப்பிள்ளை கொடுத்த வீட்டுக்குக் கட்டை றெக்கையா கொடுப்பது? நீளமான ஏழு குஞ்சுகளையும் கண்ணால் பார்த்தே பிடித்து ஜாடியில் விட்டேன். கையில் எடுத்தபோது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. மல்லிகைச் சரத்தை மனைவியே ஜாடிக்குச் சுற்றினாள்.

வேன் கிளம்பும்போது கொழுந்தியா கேட்டாள், "மாமா, இந்த ரெண்டு கேனு என்னத்துக்குங்க? இதும் சீருங்களா?"

"அது தண்ணிம்மா" என்றேன். "அங்க போரு தண்ணி. மாசத்துக்கு ரெண்டு கேனு சிறுவாணி கொண்டுபோய்க் குடுக்கறேன்னு சம்பந்திகிட்டச் சொல்லியிருக்கேன்."

"பேத்தியப் பாக்கப் போறதுக்கு ஒரு சாக்குன்னு சொல்லுங்க" என்றாள் மகள், குழந்தையை மடியில் சரித்துக்கொண்டு.

"ரெண்டையும் பாக்கத்தான் கண்ணு" என்றேன். எதை முதலில் என்று அவள் கேட்பதற்குள் வேன் கிளம்பிவிட்டது.